பைனாகுலர் வாங்கும்போது பெட்டியிலுள்ள இலக்கத்தை நம்பாதீர்கள்

யுத்தம் முடிந்து சுற்றுலாப் பயணிகள் பெருகத் தொடங்கிய 2010ஆம் ஆண்டளவில், யால தேசிய பூங்காவுக்கு ஜீப் ஓட்டும் சாரதி ஒருவர் என் கடையில் பைனாகுலர் ஒன்று வாங்கினார். புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்த அரை டசினில் அதுவும் ஒன்று. பெட்டியில் 30×60 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. இரண்டாம் நாளே திருப்பிக் கொண்டு வந்துவிட்டார்.

"முதலாளி, பகலில் பரவாயில்லை. விடியற்காலையில் பாறைமேல் சிறுத்தை படுத்திருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரிந்தது, இதில் தெரியவில்லை" என்றார்.

அடிமட்டத்தை எடுத்து முன்பக்க வில்லையை அளந்தேன். 60 மில்லிமீற்றர் இருக்க வேண்டியது 25ஐக் கூட எட்டவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மீதி ஐந்தையும் விற்க மனம் வரவில்லை. அன்று பட்ட நட்டத்தில் படித்த பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

நல்ல பைனாகுலருக்கு இலக்கணம் வகுத்தவர்கள் வேட்டைக்காரர்கள் என்று சொன்னால் மிகையாகாது. நமது நாட்டில் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட விலங்குகளை வேட்டையாடுவது தண்டனைக்குரிய குற்றம். ஆனால் ஜேர்மனி போன்ற நாடுகளில் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் காட்டுப்பன்றியையும் மானையும் வேட்டையாடுகிறார்கள். அவை வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும்தான். ஆகவே அங்குள்ள வேட்டைக்காரர் முதலில் பார்ப்பது, மங்கிய வெளிச்சத்தில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதையே. யாலவில் சிறுத்தை பார்ப்பவருக்கும் மின்னேரியாவில் யானை பார்ப்பவருக்கும் தேவைப்படுவது அதுவேதான்.

இலக்கத்தின் பொருள் எளிது. 8×42 என்றால் 8 மடங்கு பெரிதாகக் காட்டும். முன் வில்லையின் விட்டம் 42 மில்லிமீற்றர். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 5.25 வரும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. இருட்டில் இளைஞரின் கண்மணி சுமார் 7 மில்லிமீற்றர் வரை விரியும். நம்மைப் போல் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 5 அளவில்தான். ஜேர்மன் வேட்டைக்காரர் 8×56ஐ விரும்புவது அதில் சரியாக 7 வருவதனால். சட்டைப்பையில் வைக்கும் 10×25இல் கிடைப்பது 2.5 மட்டுமே. நடுப்பகலுக்கு அது போதும், அந்திக்குப் போதாது. மேலும் 10 மடங்கைத் தாண்டினால் கைநடுக்கமும் பெரிதாகிவிடும். ஆகவே 'கூடிய இலக்கம், கூடிய தரம்' என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

இலக்கம் ஒன்றாக இருந்தும் விலை பல மடங்கு வேறுபடுவது ஏன்? வில்லையின் பூச்சே முக்கிய காரணம். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நூற்றுக்கு 4 வீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும். பத்துப் பரப்புகளைக் கடக்கும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சிட்டதில் இந்த இழப்பு மிகவும் குறைவு.

இவற்றைக் கடையிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். முதலில் முன் வில்லையை அளந்து பாருங்கள். அடுத்து டியூப் லைட்டின் பிம்பத்தை வில்லையில் பாருங்கள்; வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சில்லை, பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிந்தால் பூச்சு உண்டு. கண்ணாடி போல் சிவப்பாக மின்னுவது அழகுக்கு மட்டுமே.

பிறகு பைனாகுலரைக் கைநீட்டித் தூரப் பிடித்து, பின் வில்லையில் தெரியும் ஒளிவட்டத்தைக் கவனியுங்கள். அது முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் போல் தெரிந்தால் உள்ளே இருக்கும் அரியம் மலிவானது. சூரியன் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள், கண் பறிபோகும்.

கடைசியாக, தூரத்து மின்கம்பம் ஒன்றை ஐந்து நிமிடம் விடாமல் பாருங்கள். கண் இழுத்தாலோ, உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ இரு குழாய்களும் நேராக இல்லை. அதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். மூக்குக் கண்ணாடி அணிபவர் அதை அணிந்தபடியே பார்க்க வேண்டும். நமது ஈரக் காலநிலையில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், நைதரசன் நிரப்பி நீர்புகாமல் அடைத்தது நல்லது.

இரண்டு மூன்றை ஒப்பிடுவதானால் மாலை ஆறு மணிக்குக் கடை வாசலில் நின்று, எதிரே உள்ள பெயர்ப்பலகையின் சிறிய எழுத்தை ஒவ்வொன்றாலும் வாசியுங்கள். எது கடைசிவரை வாசிக்க விடுகிறதோ அதுவே நல்ல சாமான்.

விற்பதற்கு வாங்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மிகுதிக்குச் சொல்லுங்கள். மலிவானதை விற்பதில் தவறில்லை. "இது பகலுக்கு மட்டும்" என்று சொல்லி விற்க வேண்டும். அந்தச் சாரதி மறுபடியும் என் கடைக்கு வந்தார், வேறு இரண்டு சாரதிகளையும் அழைத்து வந்தார். அன்று திருப்பிக் கொடுத்த பணம் வீண்போகவில்லை.