மூக்கும் முழியும்: சாதியை அளக்கப் போன கதை

வடகரை, தென்காசிப் பக்கம் பொண்ணு பார்த்துட்டு வந்தவங்க, "மூக்கும் முழியுமா லட்சணமா இருக்கா"ம்பாங்க. பேச்சுல அது ஒரு சாதாரணப் பாராட்டு. ஆனால் ஒரு காலத்தில் இதே மூக்கை வைத்து, யார் எந்த இனம், யார் மேல், யார் கீழ் என்று அரசாங்கமே ஆராய்ந்தது.

அதற்குப் பயன்பட்டது மூக்குக் குறியீட்டெண். கணக்கு ரொம்ப எளிது: மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கணும். நீளம் 48 மி.மீ., அகலம் 36 மி.மீ. என்றால் 75. 70-க்குக் கீழே குறுகிய மூக்கு, 85-க்கு மேலே அகன்ற மூக்கு, இடையில் இருப்பது நடுத்தரம்.

1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகல அகலச் சாதி அந்தஸ்து குறையும் என்றார். சென்னை மாகாணத்தில் ஆட்களை அளந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் அவர் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகளை இன்றைக்கும் சாதி வரலாறு எழுதுறவங்க எடுத்துக் காட்டுறாங்க.

இதில் என்ன கோளாறு? முதலாவது, சராசரி. ஒரு சாதியின் சராசரி 75, இன்னொன்றின் சராசரி 78 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்குள்ளும் 65-ம் இருக்கும், 88-ம் இருக்கும். அப்போ ஒருத்தர் மூக்கை அளந்து அவர் சாதியைச் சொல்லவே முடியாது.

இரண்டாவது, அந்தக் 'கொள்கை'யே நிற்கவில்லை. 1932-ல் ஜி.எஸ்.குர்யே இதே அளவுகளை எடுத்துச் சரிபார்த்தார். கங்கைச் சமவெளியின் இந்துஸ்தானப் பகுதியில் மட்டும் ஓரளவு பொருந்தியது. மற்ற பெரும்பாலான பகுதிகளில் சாதி வரிசையும் மூக்கு வரிசையும் ஒத்துப்போகவில்லை. குர்யே தந்த அளவுகளை வைத்தே அம்பேத்கர் 1948-ல், பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம் என்று வாதிட்டார். தாழ்த்தக் கொண்டுவந்த அளவுகோல் திரும்பி நின்றது!

மூன்றாவது, மூக்கின் வடிவத்தில் தட்பவெப்பத்துக்கும் பங்கு உண்டு. குளிர்ந்த வறண்ட காற்றைச் சூடாக்கி ஈரமாக்க, குறுகிய மூக்கு உதவும் என்கிறார்கள்.

சரி, இப்போ மரபணு ஆய்வு என்ன சொல்லுது? ஹைதராபாத், ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013-ல் 73 குழுக்களை ஆராய்ந்தார்கள். சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே பெரிய அளவில் கலப்பு நடந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் குழுக்கள் தங்களுக்குள்ளேயே மணம் முடிக்க ஆரம்பித்தன. நாம 'வேற வேற ரத்தம்'னு சொல்ற எல்லாருக்குள்ளயும் அந்தக் கலப்பு இருக்கு.

வாட்ஸ்அப்பில் 'எங்க சாதி மரபணு தனி'ன்னு செய்தி வந்தா இதை நினைச்சுக்கோங்க. குழுக்களுக்கு இடையே சின்னச் சின்ன மரபணு வேறுபாடு உண்டுதான். பல தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணம் முடித்ததன் தடம் அது. மரபணு கிழித்த கோடு இல்லை. நாம கிழித்த கோடு மரபணுவில் பதிந்திருக்கிறது.