இருண்ட கப்பலின் குரல்

மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மில் பலர், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களை மாலை வேளையில் கண்டு மகிழ்ந்திருப்போம். வரிசையாக ஒளிரும் அவ்விளக்குகளுக்கு மின்சாரம் தருவது கப்பலின் அடித்தளத்திலுள்ள எஞ்சின் அறை. உதவி கோரும் வானொலிக் கருவியும் சாதாரண நாட்களில் அங்கிருந்தே மின்சாரம் பெறுகிறது. அவ்வறையில் நீர் புகுந்துவிட்டால், குரல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் கப்பல் ஊமையாகிவிடுமன்றோ?

1912 ஏப்ரல் 14 இரவில் 'டைட்டானிக்' கப்பல் அட்லாண்டிக் கடலில் பனிப்பாறையில் மோதியது. ஜாக் பிலிப்ஸ், ஹரால்டு பிரைடு என்ற இரு கம்பியில்லாத் தந்திப் பணியாளர்கள் இடைவிடாது அபாய அழைப்பு விடுத்தனர். மாற்று மின்கலங்கள் இருந்தனவெனினும், டைனமோக்களை இறுதிவரை ஓடச்செய்தவர்கள் எஞ்சின் அறைப் பொறியாளர்களே. அவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அழைப்பைக் கேட்டு விரைந்து வந்த 'கார்பாத்தியா' கப்பல் 700-க்கு மேற்பட்டோரைக் காத்தது.

ஒரு கப்பலின் குரல், மனிதரின் உயிர்த்தியாகத்தை மட்டுமே நம்பியிருத்தல் தகாது. 1914-இல் லண்டனில் கூடிய நாடுகள், வானொலிக்குத் தனித்த மின்சாரம் வேண்டுமென விதி வகுத்தன. இன்று நடைமுறையிலுள்ளது, பின்வந்த திருத்தங்களோடு கூடிய 1974-ஆம் ஆண்டின் கடலுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை.

அதன்படி காவல் மூன்று அடுக்காக அமைகிறது. முதலாவது, எஞ்சின் அறை மின்சாரம். இரண்டாவது, மேல்தளத்தில் தனியே வைக்கப்படும் அவசர மின்சாரம். பெரும்பாலும் இது ஒரு டீசல் ஜெனரேட்டர். சரக்குக் கப்பலில் 18 மணி நேரமும் பயணிகள் கப்பலில் 36 மணி நேரமும் இது உதவ வேண்டும். மூன்றாவது, வானொலிக்கென்றே ஒதுக்கிய மின்கலத் தொகுதி. விதிக்கேற்ற அவசர மின்சாரம் உள்ள கப்பலில் இது 1 மணி நேரமும், இல்லாத கப்பலில் 6 மணி நேரமும் தாங்க வேண்டும்.

இதன் அளவைக் கணிக்கும் முறையும் சுவையானது. செய்தி அனுப்பும்போது செலவாகும் மின்னோட்டத்தில் பாதியை மட்டுமே கணக்கிடுவர். கேட்பதற்கான மின்னோட்டத்தையோ முழுமையாகச் சேர்ப்பர். ஆபத்திலும் பேசிக்கொண்டே இருத்தல் ஆகாது. மறுமொழிக்குச் செவிசாய்க்கவும் வேண்டுமல்லவா?

ஆயினும் மின்கலம் ஏமாற்றக்கூடியது. சும்மா இருக்கும்போது முழு வோல்ட்டேஜ் காட்டும் பழைய மின்கலம், பளு ஏறியவுடன் சோர்ந்துவிடும். ஆகவே கருவியை இயக்கிப் பார்த்தே நாள்தோறும் சோதித்து ஏட்டில் குறிப்பர். திரவ மின்கலமாயின் மாதந்தோறும் அமிலத்தின் அடர்த்தியை அளப்பர். கப்பல் கடலில் இல்லாத வேளையில், கொள்திறனையும் தக்க முறையில் சரிபார்ப்பர்.

அடுத்தமுறை துறைமுகத்து விளக்குகளைக் காணும்போது, கண்ணுக்குத் தெரியாமல் மேல்தளத்துப் பெட்டியொன்றில் காத்திருக்கும் அம்மின்கலத்தையும் நாம் நினைவுகூர்வோம். எல்லா விளக்குகளும் அணைந்த பின்னரும், அக்கப்பலைப் பேச வைக்கப்போவது அதுவே.