கிளப்பில் எடுத்த படம் ஏன் பேய்ப்படம் மாதிரி இருக்கு? சரிசெய்வது எப்படி?

நண்பரின் 21ஆவது பிறந்தநாள் விருந்து. அல்லது கிளார்க் கீயில் ஓர் இரவு. ஊதா, நீலம், சிவப்பு என்று விளக்குகள் சுழல்கின்றன. ஆனால் எடுத்த படத்தைப் பார்த்தால் வெளுத்துப்போன முகம், பின்னால் ஒரே கும்மிருட்டு.

"ஃபிளாஷே வேணாம்" என்று அணைத்துவிட்டு எடுத்தால் முகமே தெரியவில்லை. ஏன் இப்படி?

ஒரு படம், இரண்டு வெளிச்சம்

இருட்டான கூடத்தில் ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது, ஒரே படத்தில் இரண்டு வெளிச்சங்கள் பதிவாகின்றன. ஒன்று கூடத்தின் விளக்குகள். மற்றொன்று உங்கள் ஃபிளாஷ்.

ஃபிளாஷ் மின்னும் நேரம் மிகக் குறைவு. சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி, சில நேரம் அதற்கும் குறைவு. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஃபிளாஷின் பங்கு மாறாது. ஆனால் கூடத்தின் விளக்குகள் தொடர்ந்து எரிகின்றன. ஷட்டர் அதிக நேரம் திறந்திருந்தால் அவை கூடுதலாகப் பதிவாகும்.

சுருக்கமாகச் சொன்னால், பின்னணியை ஷட்டரால் மாற்றலாம். முகத்தை ஃபிளாஷின் சக்தியால் மாற்றலாம். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எந்த அமைப்பில் தொடங்கலாம்?

கேமராவை மேனுவல், அதாவது 'எம்' நிலையில் வையுங்கள். பிறகு:

• ஐஎஸ்ஓ: 800 முதல் 1600
• அப்பர்ச்சர்: எஃப்/4 அல்லது எஃப்/5.6
• ஷட்டர்: 1/15 முதல் 1/30 விநாடி
• ஃபிளாஷ்: மேனுவலில் 1/16 அல்லது 1/32 சக்தி
• கோப்பு: ரா. நிறத்தைப் பிறகு திருத்துவது எளிது

பின்னணி இருட்டாக இருக்கிறதா? ஷட்டரை இன்னும் மெதுவாக்குங்கள். முகம் வெளுக்கிறதா? ஃபிளாஷ் சக்தியைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் குழப்பம் வராது.

1/15 விநாடி என்றால் படம் ஆடிப்போகாதா? ஆடும். ஆனால் ஃபிளாஷ் பட்ட அந்தக் கணத்தில் முகம் உறைந்துவிடும். ஆடுவது பெரும்பாலும் பின்னணி விளக்குகள்தான். அவை கோடுகோடாக நீள்வதுதான் பார்ட்டி படத்தின் அழகு. மேடை விளக்கு முகத்தின் மீதே நேராக விழுந்தால் மட்டும் முகமும் சேர்ந்து குழம்பும். அப்போது நண்பரை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஆடுபவர்களை எடுக்கும்போது 'ரியர் கர்ட்டன்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன்னால் ஃபிளாஷ் மின்னும். அசைவின் தடம் ஆளுக்குப் பின்னால் விழும். இல்லாவிட்டால் தடம் முன்னால் வந்து, ஆள் பின்னோக்கிப் போவதுபோல் தெரியும்.

கூரையைப் பாருங்கள்

சமூக மன்றக் கூடத்தில் கூரை வெள்ளையாக இருக்கும். ஃபிளாஷை மேல்நோக்கித் திருப்பினால் வெளிச்சம் கூரையில் பட்டு, மென்மையாகக் கீழே இறங்கும்.

கிளப்பில் பெரும்பாலும் கூரை கறுப்பு. அது வெளிச்சத்தை விழுங்கிவிடும். அங்கே ஃபிளாஷை நேராகவே, குறைந்த சக்தியில் பயன்படுத்துங்கள்.

நம் நிறம் நம் நிறமாகவே வரவேண்டும்

நம்மில் பலருக்கும் தெரிந்த தொல்லை இது. குழுப் படத்தில் ஒருவர் பளிச்சென்று இருப்பார், பக்கத்தில் மாநிறமாகவோ கறுப்பாகவோ இருப்பவர் இருட்டில் கரைந்துபோவார். "நான் ஃபோட்டோவுக்கு நல்லா வரமாட்டேன்" என்று அவரே ஒதுங்கிவிடுவார்.

குறை முகத்தில் இல்லை, அளவீட்டில்தான்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் 'ஷெர்லி' எனும் அட்டைகளை ஆய்வகங்களுக்கு அனுப்பியது. அவற்றில் நீண்டகாலம் இருந்தவர்கள் வெள்ளைத் தோல் கொண்ட பெண்கள். அந்த நிறம் சரியாக வருகிறதா என்றுதான் பார்த்தார்கள். 2021இல் பிக்சல் 6 கைத்தொலைபேசியில் கூகல் 'ரியல் டோன்' வசதியைக் கொண்டுவந்தது இந்தக் குறையைக் குறைக்கத்தான்.

இன்றும் 'டிடிஎல்' எனும் தானியங்கி ஃபிளாஷ் ஏமாறலாம். வெள்ளை ஜிப்பா போட்டவரைப் படம் எடுத்தால், துணியின் பளிச்சைப் பார்த்து அது சக்தியைக் குறைத்துவிடும். முகம் இருண்டுவிடும். சுற்றிலும் கறுப்பாக இருந்தால் நேர்மாறாக, சக்தியைக் கூட்டி முகத்தை வெளுத்துவிடும். அதனால்தான் மேனுவல் நல்லது.

குழுப் படத்தில் தூரமும் முக்கியம். 1 மீட்டரில் நிற்பவருக்குக் கிடைக்கும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் கால் பங்குதான் 2 மீட்டரில் நிற்பவருக்குக் கிடைக்கும். எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள். கறுப்பானவர் ஓரமாகவோ பின்வரிசையிலோ போய்விடாமல் நடுவுக்கு அழையுங்கள். எடுத்த பிறகு திரையைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். பிறகு செயலியில் வெளிச்சம் கூட்டினால் புள்ளிபுள்ளியாகத்தான் வரும்.

கைத்தொலைபேசிதான் இருக்கா?

பரவாயில்லை. அதன் விளக்கு கேமரா ஃபிளாஷ் போல நொடியில் மின்னி மறைவதில்லை, அசைவை அவ்வளவாக உறையவைக்காது. நண்பர் ஒருவர் தம் கைத்தொலைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கட்டும். அதன்மேல் ஒரு டிஷ்யூ தாளை வைத்தால் வெளிச்சம் மென்மையாகும். திரையில் முகத்தைத் தொட்டு ஃபோக்கஸ் செய்யுங்கள். இரவு முறை அசையாமல் நிற்பவர்களுக்கு மட்டுமே சரிப்படும்.

மறக்கக்கூடாத இரண்டு

லேசர் கதிர் நேராகப் பட்டால் கேமராவின் சென்சார் நிரந்தரமாகப் பழுதாகலாம். கதிர் உங்கள் பக்கம் திரும்பினால் கேமராவைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அனுமதி. சத்தத்தில் பேச முடியாவிட்டாலும் கேமராவைக் காட்டி, தலையசைத்துக் கேட்கலாம். "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். ஆட ஒப்புக்கொண்டவர் இன்ஸ்டகிராமில் வர ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை. பதிவேற்றுமுன் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.