அசாம்: ஆவணங்களுக்குள் ஓடும் எல்லை

இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலான எல்லையில் அசாம் மாநிலத்தின் பங்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர்தான் என்றாலும், குடிபெயர்வு, குடியுரிமை ஆகியவை குறித்து இந்தியாவில் எழுந்த மிகக் கடினமான கேள்விகள் பெரும்பாலும் இந்தக் குறுகிய எல்லையை ஒட்டியே எழுந்துள்ளன. துப்ரி மாவட்டத்தில் எல்லையின் ஒரு பகுதி பிரம்மபுத்திராவின் மீதே செல்கிறது. ஒவ்வொரு வெள்ளத்திலும் பழைய மணல்திட்டைக் கரைத்துப் புதிய திட்டை எழுப்பும் அந்த ஆற்றின் நடுவே வேலி நிற்காது. ஆயினும் அசாமின் சிக்கல் எல்லையைக் காப்பதோடு முடிந்துவிடவில்லை. எல்லையைக் கடந்து வந்தவர் யார், தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர் யார் என்பதைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தாள்களைக் கொண்டு பிரித்தறிய முற்பட்டபோதே அது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு வங்காளத்தின், குறிப்பாக மைமன்சிங் மாவட்டத்தின், உழவர்கள் அசாமின் ஆற்றுப்படுகைகளில் பெருந்திரளாகக் குடியேறினர். தரிசு நிலங்களில் சாகுபடி பெருகினால் வரி வருவாயும் பெருகும் என்று கணக்கிட்ட ஆங்கிலேய அரசு அவர்களது வருகையை ஊக்குவித்தது. அன்று அவர்கள் ஒரே ஆட்சியின் ஒரு மாகாணத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்றார்களே ஒழிய, எந்த நாட்டு எல்லையையும் கடக்கவில்லை. 1947-இல் பிரிவினை வந்து, சில்ஹெட் மாவட்டத்தின் பெரும்பகுதி பொதுவாக்கெடுப்பின் வழியே பாகிஸ்தானுக்குச் சென்றபின், அதே பாதையில் வந்த உறவினர் சிலர் அகதிகளாகவும் சிலர் அயலாராகவும் கருதப்பட்டனர். 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் 1 கோடிப் பேர் இந்தியாவுக்குள் அடைக்கலம் புகுந்தனர். போர் முடிந்தபின் அவர்களுள் பெரும்பாலோர் திரும்பிச் சென்றாலும், எத்தனை பேர் தங்கிவிட்டனர் என்ற கேள்வி அசாமில் ஓயவில்லை.

அசாமிய மொழி பேசுவோரின், பழங்குடி மக்களின் அச்சத்தை வெறும் வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. அண்டை மாநிலமான திரிபுராவில் குடியேற்றத்தால் பழங்குடியினர் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையினராகிவிட்டதை அவர்கள் கண்ணெதிரே கண்டிருந்தனர். 1979-இல் மங்கல்தோய் மக்களவைத் தொகுதி இடைத்தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் அயல்நாட்டவர் பெயர்கள் உள்ளன என்று கிளம்பிய புகார், அனைத்து அசாம் மாணவர் சங்கத்தின் தலைமையில் ஆறாண்டு காலக் கிளர்ச்சியாக வளர்ந்தது. அந்தக் கிளர்ச்சியின் ஊடே, 1983 பிப்ரவரி 18 அன்று நெல்லி பகுதியில், அரசுக் கணக்கின்படியே 1,800-க்கும் மேற்பட்ட வங்காள முஸ்லிம்கள் சில மணி நேரத்தில் கொல்லப்பட்டனர். அந்தக் கொடுமைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

1985 ஆகஸ்ட் 15 அன்று கையெழுத்தான அசாம் ஒப்பந்தம் இந்தப் பூசலுக்கு ஒரு கெடு நாளைத் தீர்வாக வைத்தது. குடியுரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 6-ஏ பிரிவின்படி, 1966 ஜனவரி 1-க்கு முன் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து அசாமில் வசித்தவர்கள் குடிமக்களாக ஏற்கப்பட்டனர். அந்நாளிலிருந்து 1971 மார்ச் 25-க்கு முன்வரை வந்தவர்கள் பதிவு செய்துகொண்டு, பத்தாண்டுகள் வாக்குரிமையின்றி வாழ்ந்தபின் முழு உரிமை பெறலாம். அதற்குப் பின் வந்தவர்கள் நாட்டை விட்டு அனுப்பப்பட வேண்டியவர்கள். 2024 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் நான்கு நீதிபதிகளின் பெரும்பான்மையால், ஒருவர் மாறுபட, இப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

கெடு நாளைச் சட்டம் வகுத்துவிட்டது. ஆனால் அதை யார் மெய்ப்பிக்க வேண்டும் என்பதில்தான் எளிய மக்களின் விதி அடங்கியிருந்தது. அசாமுக்கென 1983-இல் இயற்றப்பட்ட சட்டம், ஒருவர் அயல்நாட்டவர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் குற்றம் சாட்டுவோரிடம் விட்டிருந்தது. 2005-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியதும், 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டமே அங்கும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தான் அயல்நாட்டவர் அல்லர் என்பதைச் சந்தேகத்துக்கு உள்ளானவரே காட்ட வேண்டியிருந்தது. இத்தகைய வழக்குகளை விசாரிப்பவை அயல்நாட்டவர் தீர்ப்பாயங்கள். 1997 முதல் தேர்தல் ஆணையம் பலரது பெயருக்கு எதிரே ‘டி’ என்ற எழுத்தை, அதாவது ‘ஐயத்துக்குரியவர்’ என்ற குறியை இட்டு, அவர்களின் வாக்குரிமையை நிறுத்திவைத்து, அவர்களையும் இத்தீர்ப்பாயங்களின் வாசலில் நிறுத்தியது.

1951-இல் தயாரிக்கப்பட்ட தேசியக் குடிமக்கள் பதிவேட்டைப் புதுப்பிக்கும் பணி உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடந்தபோது, மாநிலத்தில் விண்ணப்பித்த 3.30 கோடிப் பேரும் இதே சுமையைச் சுமந்தனர். விண்ணப்பித்தவர், தானோ முன்னோரோ 1971 மார்ச் 25-க்கு முன் அசாமில் வாழ்ந்ததற்கு ஓர் ஆவணமும், முன்னோரின் ஆவணமாயின் அவருக்கும் தனக்கும் உள்ள உறவுக்கு மற்றோர் ஆவணமும் காட்ட வேண்டியிருந்தது. முதலாவது ‘மரபுத் தரவு’ எனவும், இரண்டாவது ‘இணைப்பு ஆவணம்’ எனவும் வழங்கப்பட்டன.

வீட்டிலேயே பிறந்து, பள்ளிக்குச் செல்லாமல், வாக்களிக்கும் வயது வருமுன் மணமுடிக்கப்பட்ட சிற்றூர்ப் பெண்ணிடம் இந்த இணைப்பு ஆவணம் இருப்பதரிது. பிறப்புச் சான்றிதழும் மதிப்பெண் சான்றிதழும் இல்லாத அவளது பெயர், அரசின் ஏட்டில் முதன்முதலாக இடம்பெற்றதே கணவனின் ஊர் வாக்காளர் பட்டியலில், கணவனின் பெயரோடுதான். வங்காள முஸ்லிம் பெண்ணாயின், மணமாகுமுன் காத்தூன் என்றும், மணமானபின் பீபி என்றும், கணவனை இழந்தபின் பேவா என்றும் ஒருத்தியின் பெயரே மூன்று விதமாகப் பதிவாகியிருக்கும். ஊராருக்கு இம்மூவரும் ஒருத்தியே, தீர்ப்பாயத்துக்கோ அது ஐயத்துக்குரிய முரண். தந்தை இன்னார் என்று ஊராட்சிச் செயலர் வழங்கிய சான்றிதழ் ஒன்றே இத்தகைய பெண்களுக்குத் துணை நின்றது. 2017 பிப்ரவரியில் குவஹாத்தி உயர் நீதிமன்றம் அச்சான்றிதழைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உரிய சரிபார்ப்புக்கு உட்பட்டு அதை ஏற்கலாம் என்றது. இடைப்பட்ட மாதங்களில் லட்சக்கணக்கான பெண்களின் குடியுரிமை ஒற்றைத் தாளின் மதிப்பில் ஊசலாடியது. ‘சர்’ எனப்படும் ஆற்றுத்திட்டுகளில் வாழ்வோரின் நிலையும் இத்தகையதே. ஆறு நிலத்தை அரித்துக்கொண்டு போகும்போது வீட்டோடு பட்டாவையும் பெட்டியிலிருந்த தாள்களையும் கொண்டுபோய்விடுகிறது.

2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 3,11,21,004 பேர் இடம்பெற்றனர். 19,06,657 பேர் விடுபட்டனர். ஒரே வீட்டில் தந்தை பட்டியலுக்கு உள்ளும் பிள்ளை வெளியிலுமாக நிற்க நேர்ந்தது. அயல்நாட்டவர் மிகுதி என்று கருதியோர்க்கு இந்த எண் குறைவாகப் பட்டது. விடுபட்டோருக்கோ, மேல்முறையீட்டுக்குத் தேவையான நிராகரிப்பு ஆணைகள் ஆண்டுகள் கடந்தும் வழங்கப்படவில்லை. அயல்நாட்டவர் என்று அறிவிக்கப்படுவோர் அனைவரையும் திருப்பி அனுப்பவும் வழியில்லை; ஒரு நாடு தன் குடிமகன் என ஒப்புக்கொள்ளாதவரை அங்கு முறைப்படி அனுப்ப முடியாது. ஆகவே, பலர் ஆண்டுக்கணக்கில் சிறை வளாகங்களிலும், பின்னர் கோல்பாரா மாவட்டத்தின் மாட்டியா முகாமிலும் அடைபட்டுக் கிடந்தனர்.

2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு சமயத்தவர்க்குக் குடியுரிமை பெற வழிசெய்தது. சமயத்தை அளவுகோலாக்கியதை நாட்டின் பிற பகுதிகளில் பலர் எதிர்த்தனர். அசாமியரோ, எந்தச் சமயத்தவராயினும் 1971 கெடு நாளுக்குப் பின் வந்தவர் வெளியேற வேண்டும் என்ற ஒப்பந்தம் மீறப்பட்டதாகக் கொதித்தெழுந்தனர். தமிழகத்தின் முகாம்களில் பல பத்தாண்டுகளாக வாழும் ஈழத் தமிழ் அகதிகளும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை.

இது ஏதோ தொலைதூர மாநிலத்தின் தகராறு என்று தமிழ் வாசகர் கடந்துவிடுவதற்கில்லை. இந்திய மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்ற விதி 1987 ஜூலை 1 முதல் பிறந்தோருக்கு நாடு முழுவதும் மாறிவிட்டது. பெற்றோரின் குடியுரிமையும் இன்று கணக்கில் கொள்ளப்படுகிறது. எல்லையைக் காப்பதும், மண்ணின் மக்களுடைய மொழியையும் நிலத்தையும் பேணுவதும் அரசின் கடமைகளே. ஆனால், பிறப்பைப் பதிவு செய்யாமலும், பள்ளியைத் திறக்காமலும் விட்ட அரசு, அந்தக் குறைக்கான தண்டனையைக் குடிமக்கள் மீது சுமத்துவது முறையன்று. நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்தில் தருவதும், இலவச வழக்கறிஞரை அமர்த்துவதும், ஊரார் வாய்மொழிச் சான்றுக்கு மதிப்பளிப்பதும், ஐயத்தின் பயனைச் சமூகத்தின் மிக எளியவருக்கு அளிப்பதும் அரசால் ஆகாத செயல்கள் அல்ல. காத்தூனும் பீபியும் பேவாவும் ஒரே பெண் என்பதை அறிய, அவளது ஊருக்குச் சென்று கேட்டாலே போதும்.