சேதமுற்ற பழைய லொறிக்கு நியாயவிலை கணித்தல்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் மரக்கறிச் செய்கையின் இலாபம் தோட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. கற்பிட்டி, நுரைச்சோலைப் பகுதிகளில் விளையும் மிளகாய், சின்னவெங்காயம், பீட்ரூட் முதலியன வாடுமுன் சந்தையை அடைதல் வேண்டும். இதன்பொருட்டுக் கமக்காரர் பலர் பாவித்த சிறிய லொறிகளை வாங்குகின்றனர். தம்புள்ளைக்குச் செல்லும் வழியில் லொறி நின்றுவிடின் ஒரு நாளைய அறுவடை முழுவதும் நட்டமாகலாம். ஆதலால், முன்னர் சேதமுற்ற வாகனத்தை வாங்குபவர் அதன் குறையை அறிந்து விலை பேசுதல் அவசியம்.

இப்பகுதிக்குரிய இடர்கள்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்கே கடலும் கிழக்கே களப்பும் உள. உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். உப்பு அல்லது மீன் ஏற்றிய லொறிகளின் தட்டும் அடிச்சட்டகமும் அதிகம் பழுதுபட்டிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது இம்மாவட்டத்திலும் பெருவெள்ளம் ஏற்பட்டது. வெள்ளத்தில் மூழ்கிய வாகனம் கழுவிப் பூச்சிட்டபின் புதியதுபோல் தோன்றலாம். உவர்நீர் புகுந்திருப்பின், அது காய்ந்தபின்னும் எஞ்சிய உப்பு ஈரத்தை இழுத்துத் துருவை வளர்த்துக்கொண்டேயிருக்கும்.

பரிசோதிக்கும் முறை

1. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்வையிடுக. முன்னரே சூடேற்றப்பட்டிருப்பின், குளிர்நிலையில் தோன்றும் குறைகள் மறைந்துவிடும்.

2. எண்ணெய் அளவுகோலை எடுத்துப் பார்க்க. எண்ணெய் பால்விட்ட தேநீர் போன்றிருப்பின் நீர் கலந்துள்ளது. தொடர்ந்து வரும் நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும்.

3. ஆசனத்தின் அடி, விளக்குக் கண்ணாடியின் உட்புறம் ஆகியவற்றில் சேறு படிந்துள்ளதா எனவும், மின்கம்பி இணைப்புகளில் பச்சைக் களிம்பு உள்ளதா எனவும் நோக்குக.

4. முன், பின் சில்லுகளின் நடுவிடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை இருபுறமும் அளக்க. குறிப்பிடத்தக்க வேறுபாடிருப்பின் அடிச்சட்டகம் வளைந்திருக்கக்கூடும். ரயர் ஒருபுறம் மட்டும் தேய்ந்திருத்தலும் ஐயத்திற்கிடமானது.

5. சிறு காந்தத்தைத் தகட்டில் வைத்துப் பார்க்க. அது ஒட்டாத இடத்தில் பள்ளமோ துருவோ பசையிட்டு மறைக்கப்பட்டிருக்கலாம்.

விலைக் கணக்கு

அதே வகையும் வயதும் உடைய, சேதமுறாத லொறி இப்போது என்ன விலைக்கு விற்கப்படுகின்றது என மூன்று இடங்களிலாவது விசாரித்தல் வேண்டும். 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் விலைகள் மிக உயர்ந்திருந்தன. 2025இல் அத்தடை தளர்த்தப்பட்டது. ஆதலால் அக்கால விலைகளை அளவுகோலாகக் கொள்ளலாகாது.

உதாரணமாக, சேதமுறாத லொறியின் விலை 1,500,000 ரூபா எனக் கொள்வோம். அதிலிருந்து கழிக்கவேண்டியவை:

திருத்தச் செலவு: 200,000 ரூபா
திருத்தும் 15 நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வீதம் இழக்கும் வருமானம்: 90,000 ரூபா
பின்னர் விற்கும்போது ஏற்படும் விலைக்குறைவு: 150,000 ரூபா
மறைந்துள்ள பழுதுகளுக்கான ஒதுக்கு: 60,000 ரூபா

கழிவு 500,000 ரூபா. நியாயவிலை 1,000,000 ரூபா. திருத்தச் செலவை மட்டும் கழித்து 1,300,000 ரூபா கேட்கும் விற்பனையாளர், ஏனைய 300,000 ரூபா நட்டத்தை வாங்குபவர்மீது சுமத்துகின்றார். திருத்தவேலை செவ்வனே முடிந்திருந்து, பற்றுச்சீட்டுகளும் காட்டப்படுமாயின், முதலிரு கழிவுகளும் பொருந்தா, ஏனையவை பொருந்தும். திருத்தச் செலவை விற்பனையாளரின் சொல்லைக்கொண்டு தீர்மானியாது, தாம் அறிந்த மெக்கானிக் ஒருவரிடம் மதிப்பிடுவித்தல் வேண்டும்.

வாங்கலாகாதவை

பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின், அடிச்சட்டக இலக்கங்கள் வாகனத்திலுள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். பூரண உரிமையாளராக நிதி நிறுவனமொன்று குறிக்கப்பட்டிருப்பின், கடன் தீர்ந்தமைக்கான கடிதத்தைப் பெறாது முற்பணம் கொடுத்தலாகாது. கொள்வனவின்பின் உரிமை மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தாமதியாது பதிவுசெய்தல் வேண்டும்.

அடிச்சட்டகம் வளைந்த லொறியும், இலக்கம் மாறுபட்ட லொறியும் எவ்வளவு மலிவாயினும் விடத்தக்கனவே. ஒரு போகத்தின் வருவாய் முழுவதையும் செலவிட்டு வாங்கும் பொருளை ஒரு நாள் பொறுத்து ஆராய்வதில் கமக்காரருக்கு இழப்பு யாதுமில்லை.