பனிக்குக் காத்திருக்கும் பதினொரு ஊர்கள்

திசையெல்லாம் – 14

ஒலிம்பிக்ஸ் எந்த ஊரில், எந்த வருடம் என்பது பல வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. விம்பிள்டன் என்றால் ஜூன் கடைசி, ஜூலைத் தொடக்கம். நெதர்லாந்தின் வடக்கே இருக்கும் ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் ஒரு பந்தயம் இருக்கிறது. அதற்குத் தேதியே கிடையாது. ‘எல்ஃப்ஸ்டேடன்டாக்ட்’ என்று பெயர். பதினொரு நகரச் சுற்று. உறைந்துபோன கால்வாய்களிலும் ஏரிகளிலும் ஸ்கேட்ஸ் கட்டிக்கொண்டு, பதினொரு ஊர்களைத் தொட்டு, கிட்டத்தட்ட 200 கிலோமீட்டரை ஒரே நாளில் முடிக்க வேண்டும். வழிநெடுக ஐஸ் 15 சென்டிமீட்டர் தடிமனுக்கு இறுகினால் பந்தயம் உண்டு. இறுகாவிட்டால் இல்லை.

கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4-ம் தேதி.

அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டார்கள். அப்பாவும் தாத்தாவும் சொன்ன கதைகளில்தான் அவர்களுக்கு அந்தப் பந்தயம் தெரியும். ஆனாலும் டிசம்பர் பிறந்து, சேர்ந்தாற்போல் நான்கு நாள் கடுங்குளிர் அடித்தால் போதும், நாடு முழுக்க அதே பேச்சு. நம் டெல்டா விவசாயி ஜூன் மாதத்தில் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பார்க்கும் அதே தவிப்போடு இவர்கள் ஐஸின் தடிமனைப் பார்க்கிறார்கள்.

லேயூவார்டனில் கிளம்பி ஸ்னேக், ஐல்ஸ்ட், ஸ்லோட்டன், ஸ்டாவோரன், ஹிந்தலோப்பன், வொர்க்கும், போல்ஸ்வார்ட், ஹார்லிங்கன், ஃபிரானேக்கர், டொக்கும் என்று சுற்றி மறுபடி லேயூவார்டன் வந்து சேர வேண்டும். நகரம் என்று சொன்னாலும் ஸ்லோட்டனில் சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். இடைக்காலத்தில் நகர உரிமை வாங்கிய ஊர் என்பதால் அந்த மரியாதை இன்றும் நிற்கிறது. ஃபிரீஸ்லாந்து தாழ்வான நிலம். எங்கு திரும்பினாலும் ஏரி, கால்வாய், வடிகால். குளிர்காலத்தில் அவை உறைந்தால் அவையே சாலை. பண்டிகைக்கும் பெண் பார்க்கவும் பக்கத்து ஊர்ச் சந்தைக்கும் ஸ்கேட்ஸில் போய்வந்த ஜனங்கள் இவர்கள். ஐல்ஸ்டில் 1865-ல் தொடங்கிய ஒரு பட்டறை, மரக்கட்டையில் இரும்புத் தகடு பொருத்திய ஸ்கேட்ஸைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து நாடெங்கும் அனுப்பியது.

பதினொரு ஊரையும் ஒரே நாளில் சுற்றிவிட வேண்டும் என்ற ஆசை பந்தயத்தைவிடப் பழையது. 1890-ல் பிம் முலியர் என்பவர் அதைச் செய்து காட்டினார். பதினான்கு வயதிலேயே ஹார்லெம் நகரில் கால்பந்து கிளப் ஆரம்பித்தவர் அவர். நெதர்லாந்தின் பல விளையாட்டுகளுக்குப் பிள்ளையார் சுழி போட்ட மனிதர். அவருடைய முனைப்பில் 1909 ஜனவரி 2-ம் தேதி முதல் பந்தயம் நடந்தது. கலந்துகொண்டவர்கள் இருபத்துச் சொச்சம் பேர். ஜெயித்தவர் மின்னே ஹூக்ஸ்ட்ரா. அதே மாதத்தில் பந்தயத்தை நடத்தும் சங்கமும் பிறந்தது. அடுத்த பந்தயம் 1912-ல். அதில் யிக்கே காஸ்ட்ரா என்ற பெண்மணி முழுச் சுற்றையும் முடித்தார்.

பந்தயம் நடக்கும் நாளில் இரண்டு வகையினர் வருவார்கள். வெற்றிக்காக ஓடும் சில நூறு பேர் ஒரு பக்கம். சுற்றி முடித்தால் போதும் என்று வரும் பல்லாயிரம் பேர் மறுபக்கம். அதிகாலை ஐந்தரை மணி, கும்மிருட்டு. எல்லோரும் காத்திருக்கும் மண்டபத்தின் கதவு திறந்ததும் முதல் வரிசைக்காரர்கள் ஸ்கேட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடுகிறார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடிக் கால்வாய்க்கரையில் தொப்பென்று உட்கார்ந்து, மரத்துப்போன விரல்களால் கயிறு இறுக்கி, இருட்டுக்குள் பாய்கிறார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை. ஊருக்கு ஊர் அதில் முத்திரை குத்தி வாங்க வேண்டும். நள்ளிரவு பன்னிரண்டுக்குள் எல்லா முத்திரையோடும் வந்து சேர்ந்தால் ஒரு சின்னஞ்சிறு சிலுவைப் பதக்கம் கிடைக்கும். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் அதே பதக்கம்.

ஐஸ் ஒரே சீராக இறுகுவதில்லை. பாலங்களுக்கு அடியில் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து அதை மெலிதாகவே வைத்திருக்கும். அங்கெல்லாம் கரையேறி, ஊர்க்காரர்கள் விரித்துவைத்த பழைய கம்பளங்கள்மீது ஸ்கேட்ஸோடு தத்தித்தத்தி நடந்து, மறுபக்கம் இறங்க வேண்டும். பனித்தூவல் இன்னொரு தொல்லை. ஐஸின் மேல் வெண்பனி படிந்தால் அது போர்வைபோல் குளிரைத் தடுத்துவிடும். கீழே ஐஸ் வளராது. அதனால் விளக்குமாறும் தள்ளுகட்டையுமாக ஊர் ஊராக ஆட்கள் இறங்கிப் பெருக்குவார்கள். 1997-ல் இன்னொரு வேலையும் செய்தார்கள். நன்றாக இறுகிய இடத்திலிருந்து ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மெலிந்த இடத்தில் கொண்டுபோய்ப் போட்டு, இரவுக் குளிரில் ஒட்டவிட்டார்கள். வழி முழுவதும் 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. துளை போட்டு அளந்து பார்த்து, ‘என் பகுதி தாங்கும்’ என்று இருபத்திரண்டு பேரும் சொன்னால்தான் சங்கத்தின் தலைவர் வாய் திறப்பார். 1997-ல் தலைவர் ஹெங்க் க்ரூஸ் ஃபிரீசிய மொழியில் ‘நடக்கிறது’ என்று சொன்ன அந்தச் சிறு அறிவிப்பு, நாட்டின் நினைவில் நிலைத்துவிட்டது. இரண்டே நாளில் 16,000-க்கும் மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் என்ற குட்டிக்கோஸ் பயிரிடும் விவசாயி ஹெங்க் ஆங்கனென்ட் 6 மணி 49 நிமிடத்தில் முதலில் வந்தார். அதற்கு முந்தைய இரண்டு பந்தயங்களிலும், 1985-லும் 1986-லும், ஜெயித்தவர் ஏவர்ட் வான் பெந்தெம் என்ற இன்னொரு விவசாயி.

அந்த 1986 கூட்டத்தில் ‘டபிள்யூ.ஏ. வான் பியூரன்’ என்ற பெயரில் பதிவு செய்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். எல்லைக்கோட்டில் அவரைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தவர் ராணி பியாட்ரிக்ஸ். இளைஞர் அவருடைய மகன் வில்லெம் அலெக்சாண்டர், இன்றைய நெதர்லாந்து மன்னர்.

ஆனால், ஃபிரீஸ்லாந்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் வருடம் 1963. ஜனவரி 18. காலையில் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. கிழக்கிலிருந்து ஊசிக்காற்று. கிளம்பியவர்கள் சுமார் 10,000 பேர். போகப் போக காற்று பனித்தூளை அள்ளிக்கொண்டு வந்து பாதையை மூடியது. எது ஐஸ், எது பிளவு என்று தெரியவில்லை. விழுந்தார்கள், எழுந்தார்கள், ஸ்கேட்ஸைக் கழற்றிவிட்டு மைல்கணக்கில் நடந்தார்கள். இமை உறைந்தது, சிலருக்குக் கண்ணின் விழிப்படலமே பனியில் அடிபட்டது. ரெய்னியர் பாப்பிங் என்ற வீரர் பாதி தூரத்துக்கு முன்பே கூட்டத்தை விட்டுப் பிரிந்து, மீதி ஏறக்குறைய நூறு கிலோமீட்டரைத் தன்னந்தனியாக, எதிர்க்காற்றில் கடந்தார். 10 மணி 59 நிமிடம். ராணி ஜூலியானா எல்லைக்கோட்டுக்கே வந்திருந்தார். பயணமாகச் சுற்ற வந்த 9,000-க்கும் மேற்பட்டவர்களில் நள்ளிரவுக்குள் முடித்தவர்கள் 69 பேர். அன்றைக்கு உறைந்து கருகி, பிறகு ஒருவர் காலிலிருந்து எடுக்கப்பட்ட விரல் ஒன்று ஹிந்தலோப்பன் ஸ்கேட்டிங் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. குழந்தைகளுக்கு அதைக் காட்டித்தான் அந்த நாளைச் சொல்கிறார்கள்.

எனக்கு 1963-ஐவிட 1956 நெருக்கமானது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1940-ல் முன்னணியில் வந்த ஐந்து பேர், கடைசி ஊரான டொக்குமில் கூடிப் பேசி, எல்லோரும் சேர்ந்தே எல்லையைத் தொடுவது என்று முடிவு செய்தார்கள். பெரிய சர்ச்சையாகி, கடைசியில் ஐவரையும் வெற்றியாளர்களாக அறிவித்தார்கள். இனி இப்படிச் செய்யக்கூடாது என்று சங்கம் விதி போட்டது. விதி இருந்தது தெரிந்தும் 1956-ல் இன்னொரு ஐவர் கைகோத்தபடி வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர், இரண்டு வருடம் முன்பு தனியாக ஜெயித்திருந்த ஆசிரியர் யேன் வான் டென் பெர்க். சங்கம் அந்த வருடம் யாருக்கும் முதலிடம் தரவில்லை. வரலாற்றுப் பட்டியலில் 1956-க்கு எதிரே வெற்றியாளர் இடம் காலியாகவே இருக்கிறது. விதியின்படி சங்கம் செய்தது சரி. ஆனால், ஏழெட்டு மணி நேரம் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் மறைந்து, மாறி மாறிக் காற்றைத் தாங்கிக்கொண்டு வந்தவர்களுக்குக் கடைசி நூறு மீட்டரில் ஒருவரை ஒருவர் முந்த மனம் வரவில்லை என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. அந்தக் காலி இடம் அவர்கள் ஐவருக்கும் உரியது.

இனி ஒரு கணக்கு. 1909-லிருந்து 1963 வரை 54 வருடத்தில் பந்தயம் 12 முறை நடந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போதுகூட 1941, 1942 இரண்டு வருடமும் நடந்தது. 1963-க்குப் பிறகு இன்றுவரை மூன்றே முறை. நெதர்லாந்தின் சராசரி வெப்பநிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்ததைவிட 2 டிகிரிக்கு மேல் ஏறியிருக்கிறது. தண்ணீர் உறையும் எல்லையில் வாழும் ஊருக்கு இரண்டு டிகிரி என்பது எல்லாமும்தான்.

2012 பிப்ரவரியில் ஒருமுறை கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. பாதையில் படகுகள் நிறுத்தப்பட்டன. நூற்றுக்கணக்கானவர்கள் பனியைப் பெருக்கினார்கள். ஹோட்டல்கள் நிறைந்தன, வெளிநாட்டு டி.வி. வண்டிகள் வந்து நின்றன. பல இடங்களில் ஐஸ் போதுமான அளவு இறுகியும், தென்மேற்குப் பகுதி தேறவில்லை. 8-ம் தேதி மாலை, தலைவர் வீபெ வீலிங் செய்தியாளர்கள் முன் அமர்ந்து, இல்லை என்று சொன்னார். நாடே நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது. சில நாளில் ஐஸ் உருகிவிட்டது.

சங்கத்தில் இன்றும் 30,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். வருடாந்தரக் கூட்டம் தவறுவதில்லை. 22 பொறுப்பாளர்களின் நாற்காலியும் காலியாக இல்லை. தீராத ஆசை கொண்டவர்கள் 1989 முதல் ஆஸ்திரியாவின் வைஸன்ஸே என்ற மலையேரிக்குப் போய் 200 கிலோமீட்டரை அங்கே சுற்றுகிறார்கள். அங்கே ஐஸ் கிடைக்கிறது. பதினொரு ஊர்தான் கிடைப்பதில்லை. ஆகவே, ஐஸ் வராவிட்டாலும் அந்தப் பாதையை விடுவதில்லை என்று ஃபிரீஸ்லாந்துக்காரர்கள் முடிவு செய்திருப்பதாகவே தோன்றுகிறது. கோடைத் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் போல்ஸ்வார்டிலிருந்து சைக்கிளில் பதினொரு ஊரையும் சுற்றுகிறார்கள், அதே முத்திரை அட்டையோடு. 2019 ஜூனில் மார்டென் வான் டெர் வைடன் அந்த நீர்வழியை நீந்தியே கடந்தார். ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் 10 கிலோமீட்டர் திறந்தநீர் நீச்சலில் தங்கம் வாங்கியவர். முந்தைய வருடம் 163 கிலோமீட்டரில் உடல் தாங்காமல் நிறுத்தப்பட்டார். இரண்டாவது முறை மூன்று நாளைத் தாண்டி நீந்தி, 195 கிலோமீட்டர் முடித்து, புற்றுநோய் ஆராய்ச்சிக்காகப் பல மில்லியன் யூரோ திரட்டினார். பாலந்தோறும் ஜனங்கள் நின்று இரவிலும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

2006-ல் வேறொரு கூட்டம் அந்தக் கால்வாயில் இறங்கியது. சூரிய ஒளியில் மட்டுமே ஓடும் படகுகளின் பந்தயம். பதினொரு நகர வழியில், ஐந்தாறு நாள், 200 கிலோமீட்டருக்குமேல். ஓட்டுபவர்களில் நிறையப் பேர் பொறியியல் மாணவர்கள். படகின் முதுகு முழுக்க சோலார் தகடு. மேகம் மூடினால் வேகத்தைக் குறைத்து பேட்டரியைச் சேமிக்க வேண்டும். திறந்த ஏரியில் வெயில் கிடைக்கும்போது வேகத்தைக் கூட்ட வேண்டும். ஃபிரீஸ்லாந்தின் தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் நுழைய வேண்டுமென்பதால் தகட்டை உயர்த்திக் கட்ட முடியாது. இந்த நெருக்கடிக்கு விடையாக வந்தவைதான் தண்ணீருக்கு அடியில் இறக்கை வைத்த படகுகள். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் அப்படிப்பட்ட படகுகளைக் கொண்டுவந்தார்கள். வேகம் கூடியதும் அந்த இறக்கை படகையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். உடல் தண்ணீரில் உரசாததால் அதே வெயிலில் இன்னும் வேகமாக ஓடலாம். தாத்தா ஸ்கேட்ஸில் போன வழியில் பேரன் எரிபொருளே இல்லாமல் பறந்துபோகிறான். ஐஸைப் பறித்த வெப்பத்துக்கு எதிரான வேலையை, ஐஸ் இருந்த இடத்திலேயே இந்தப் பிள்ளைகள் தொடங்கியிருப்பது எனக்குப் பெரிய நம்பிக்கையாகத் தெரிகிறது.

டொக்குமிலிருந்து லேயூவார்டன் திரும்பும் வழியில், கீகெர்க் கிராமத்தருகே ஒரு பாலம் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அதன் சுவரில் வரிசையாகக் குனிந்து சறுக்கும் மனிதர்களின் உருவம் தெரியும். கிட்டே போனால் அந்த உருவம் கலைந்து ஆயிரக்கணக்கான சிறு ஓடுகளாகிவிடும். ஒவ்வோர் ஓட்டிலும் ஒரு முகம். எல்லாம் சுற்றை முடித்தவர்களின் புகைப்படங்கள். அப்பாவின் முகத்தை விரலால் தேடிக்கொண்டு மகள்கள் அங்கே வந்து நிற்பார்களாம்.

பதினொரு ஊரில் ஒன்றில் நாம் இன்னும் கொஞ்ச நேரம் தங்க வேண்டியிருக்கிறது. ஃபிரானேக்கரில் ஆட்டு ரோமம் சீவிப் பிழைத்த எய்ஸெ எய்ஸிங்கா என்பவர், 1774-ல் கிரகங்கள் மோதி உலகம் அழியப்போகிறது என்று கிளம்பிய பீதியைப் போக்க, தன் வீட்டுக் கூடத்தின் மேற்கூரையில் ஏழு வருடம் உழைத்து ஒரு சூரிய மண்டலத்தையே கட்டினார். மரச்சக்கரமும் ஆணியுமாகச் செய்த அந்தச் சனி கிரகம் நிஜச் சனியைப்போலவே ஒரு சுற்றுக்கு 29 வருடத்துக்குமேல் எடுத்துக்கொண்டு இன்றும் நகர்கிறது. அந்தக் கூடத்துக்குள் அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)