பனியன் ஊர் – 17: கறுப்புக் கோட்டு இல்லாத சட்டக்காரர்கள்

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிற ஒருவரை 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று நிறுத்திவிட்டால், அவர் நேராக வக்கீலைத் தேடிப் போவது அபூர்வம். தொழிற்சங்க ஆபீஸுக்குப் போவார். அங்கே மேசைக்குப் பின்னால் இருக்கும் தோழர் சட்டக் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டார். ஆனால் மனு எழுதத் தெரியும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எப்போது திரும்பி வரும் என்பதும் தெரியும். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய திருப்பூரில் அப்படிப்பட்டவர்கள் உருவானதில் ஆச்சரியமில்லை. சட்டமும் அவர்களுக்கு இடம் விட்டிருந்தது. 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, சமரச அதிகாரி முன்னால் தொழிலாளிக்காகச் சங்க நிர்வாகி பேச முடிந்தது, வக்கீல் பேச முடியாமல் இருந்தது!

ஆக, வக்கீல் அல்லாத சட்ட உதவியாளருக்கு 'பாரா லீகல்' என்ற பெயர் வந்து சேருமுன்பே அந்த வேலை இங்கே நடந்துகொண்டுதான் இருந்தது. சங்கத்தின் கை எட்டாதவர்களுக்குத்தான் ஆளில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வந்து கம்பெனி ரூமில் தங்கியிருப்பவர்கள், ஹாஸ்டலில் இருக்கும் பெண் பிள்ளைகள், கான்ட்ராக்ட்காரர் பெயரைத் தவிர முதலாளி பெயரே தெரியாதவர்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கும் ஆள் கிடைக்க வழி வைத்த சட்டத் தன்னார்வலர் (பாரா லீகல்) திட்டத்தைத் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்தது 2009-ல். திருப்பூர் தனி மாவட்டமானதும் அதே வருடம்தான். தன்னார்வலராகப் பெரிய படிப்பு கேட்பதில்லை. ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், ஓய்வு பெற்ற அரசு ஊழியர், மகளிர் குழுப் பெண், சட்டக் கல்லூரி மாணவர், திருநங்கை என்று யாரும் வரலாம். பயிற்சியும் அடையாள அட்டையும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும்.

1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவு, வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்களைப் பட்டியலிடுகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோரோடு தொழில் நிறுவனத் தொழிலாளியும் அதில் உண்டு. அப்படியென்றால், சாப்பாட்டு மணி அடித்ததும் கம்பெனி கேட்டைத் தாண்டி வருகிற கூட்டத்தில் பெரும்பாலோருக்கு அரசு செலவில் வக்கீல் கிடைப்பார். அதை அவர்கள் காதில் போடுவதுதான் தன்னார்வலரின் முதல் வேலை.

பயிற்சி வகுப்பில் அரசியலமைப்பு, எஃப்.ஐ.ஆர்., குடும்ப வன்முறை, தொழிலாளர் சட்டம் எல்லாம் ஒரு சுற்று வரும். பிரிவு எண்களை நெட்டுருப் போடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. 2024 ஜூலை 1-ல் குற்றவியல் சட்டங்கள் பெயரும் எண்ணும் மாறின. 2025 நவம்பர் 21-ல் 29 சட்டங்களைச் சுருக்கிய நான்கு தொழிலாளர் தொகுப்புகளை மத்திய அரசு அமலாக்கியது. சம்பள பாக்கி கேட்க 12 மாதமாக இருந்த கெடு மூன்று வருடமாகியிருக்கிறது. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளி நேரடியாக வழக்குப் போட மூன்று வருடம் இருந்தது, இரண்டாகக் குறைந்திருக்கிறது. பழைய நோட்டை வைத்துப் பாடம் நடத்தினால் ஒருவருடைய வழக்கே செத்துப்போகும்.

திருப்பூரில் கற்றுக்கொள்ள வேண்டியது காகிதம் சேர்க்கும் வித்தை. இந்த ஊரில் வேலை பெரும்பாலும் வாய்ப்பேச்சில் நடக்கிறது. நீதிமன்றமோ எழுத்தைக் கேட்கிறது. ஒரு அக்கா வந்து சொல்கிறார் என்று வையுங்கள்: "ரொம்ப வருசமா வேலை செஞ்சனுங்க. திடீர்னு நிறுத்திப்போட்டாங்க." இதையே மனுவாக எழுதினால் அதிகாரி படித்துவிட்டு அடுத்த ஃபைலை எடுப்பார். பழகிய தன்னார்வலர் கேள்வி கேட்பார். எந்த மாசம் சேர்ந்தீங்க? பீஸ் ரேட்டா, ஷிப்ட் கூலியா? சனிக்கிழமை சம்பளத்தை யார் கையில் கொடுத்தாங்க, கம்பெனியா, கான்ட்ராக்ட்காரரா? வர வேண்டாம்னு சொன்னது யார், என்னைக்கு? அப்புறம்தான் எழுதுவார்: '2019 ஜூன் முதல் மேற்படி நிறுவனத்தில் பீஸ் ரேட்டில் ஓவர்லாக் டெய்லராக வேலை செய்தேன். 2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது சூப்பர்வைசர் இனி வர வேண்டாம் என்றார்.'

அதற்கு ஆதாரம்? பி.எஃப். பாஸ்புக்கில் கம்பெனி பெயர் இருக்கும். இ.எஸ்.ஐ. அட்டை இருக்கலாம். சம்பளக் கவர், பீஸ் கணக்கு எழுதிய பாக்கெட் நோட்டு, 'நாளைக்கு நைட் உண்டு' என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப். குப்பை என்று நினைப்பதெல்லாம் இங்கே சாட்சி. இவை கையில் இருந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கையும் போட்டுவிடலாம். பீஸ் ரேட்காரருக்குக் கடைசி மூன்று மாதச் சம்பளத்தில் ஓவர்டைமைக் கழித்து நாள் சராசரி எடுக்க வேண்டும். அது 500 ரூபாய் என்றால், வருடத்துக்கு 15 நாள் வீதம் 7,500. ஆறு வருடத்துக்கு 45,000 ரூபாய்.

எல்லைக்கோடு ஒன்று உண்டு. 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி நீதிமன்றத்தில் வாதாடுவது வக்கீலின் உரிமை. தன்னார்வலர் கட்சிக்காரரைக் கூட்டிப் போகலாம், மனு எழுத உதவலாம், வக்கீலிடம் சேர்க்கலாம். காசு வாங்கக் கூடாது. பஸ் செலவுக்கு என்று பத்து ரூபாய் வாங்கினாலும் கூடாது.

பிழைப்பு என்று பார்த்தால் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: இதில் மாதச் சம்பளம் கிடையாது. பணியில் இருக்கும் நாளுக்கு மதிப்பூதியம், அவ்வளவுதான். இக்னோ பல்கலைக்கழகத்தில் பாராலீகல் டிப்ளமோ படிக்கலாம். வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா வேலை, தொண்டு நிறுவனங்கள் என்று சில வழிகள் உண்டு. திருப்பூரில் இன்னொரு வழியும் இருக்கிறது, ஏற்றுமதிக் கம்பெனிகளின் 'கம்ப்ளையன்ஸ்' பிரிவு. வெளிநாட்டு பையரின் ஆடிட் வருகிறது என்றால் வருகைப் பதிவேடு, ஓவர்டைம் கணக்கு, புகார்க் குழுக் கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் தயாராக வைப்பது அவர்கள் பொறுப்பு. படிப்பு ஒன்றுதான், உட்காரும் பக்கம் வேறு. பக்கம் மாறிப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டு வாடகை எல்லோருக்கும்தான் இருக்கிறது. பதிவேடு உள்ளே எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்தவர் திரும்பி வந்தால், அவரைவிட நல்ல தன்னார்வலர் கிடைக்க மாட்டார்.

விருப்பமுள்ளவர்கள் மாவட்ட ஆணைக்குழு விண்ணப்பம் கேட்கும்போது போடுங்கள். ஹிந்தியோ ஒடியாவோ தெரிந்தால், அதைப் படிப்புக்கு முன்னால், முதல் வரியிலேயே எழுதுங்கள்.